எடுத்துக்காட்டு வாக்கியத்தில் பேசுவது யார்

சீன மாணவர்களுக்கென்று அச்சிட்ட ஆங்கிலச் சொற்புத்தகம் ஒன்றைப் புரட்டும்போதெல்லாம் ஏதோ ஒன்று மனத்தில் சரியாக உட்கார மறுக்கிறது. பக்கம் என்னவோ ஒழுங்காகத்தான் இருக்கிறது. தடித்த எழுத்தில் ஆங்கிலச் சொல். அதை ஒட்டி இரண்டு சாய்கோடுகளுக்கு நடுவே உச்சரிப்புக் குறி. பிறகு அது வினையா பெயரா, செயப்படுபொருள் குன்றியதா குன்றாததா என்று சொல்லும் ஓரெழுத்து ஈரெழுத்துச் சுருக்கம். அதற்கடுத்துச் சீன எழுத்தில் பொருள், பெரும்பாலும் இரண்டே எழுத்தில். இன்னொரு பொருள் உண்டென்றால் அரைப்புள்ளி போட்டு இன்னும் இரண்டு. கீழே சற்றே பொடி எழுத்தில் ஓர் எடுத்துக்காட்டு வாக்கியம். அதற்கும் கீழே அந்த வாக்கியத்தின் சீன வடிவம். உடனே அடுத்த சொல் வந்துவிடுகிறது. 'அபாண்டன்' என்ற சொல்லுக்கு இப்படிப்பட்ட புத்தகங்களில் வரும் வாக்கியம், மாலுமிகள் மூழ்கும் கப்பலைக் கைவிட்டார்கள் என்கிற தோரணையில் இருக்கும். எந்தக் கப்பல், எந்தக் கடல், அதை வந்து சொன்னவர் யார், கேட்டவர் வீட்டில் யாராவது அந்தக் கப்பலில் போயிருந்தார்களா, எதுவும் தெரியாது. வாக்கியம் இலக்கணப்படி சரி. சொல்லின் பொருளையும் விளக்குகிறது. ஆனால் எந்த மனிதரும் எந்த மனிதரிடமும் அதைச் சொன்னதில்லை. உலகத்தில் மிக அதிகம் பேர் சொல் சொல்லாக மனப்பாடம் செய்யும் ஒரு மொழி, பேசுபவரும் கேட்பவரும் இல்லாத இப்படிப்பட்ட வாக்கியங்களின் வழியாக அவர்களுக்குள் போகிறது என்பதுதான் என்னை விடாமல் தொந்தரவு செய்கிறது.

அந்த 'அபாண்டன்' சீன மாணவர்களிடையே பெயர்பெற்ற சொல். அகரவரிசைப் பட்டியலில் எல்லாருக்கும் தெரிந்த சின்னச் சொற்களைத் தள்ளிவிட்டால் முதலில் வந்து நிற்பது அதுதான். முதல் நாள் அதைப் படிக்கிறார்கள். சில நாளில் படிப்பு நின்றுபோகிறது. பிறகொரு நாள் புது உறுதியோடு புத்தகத்தைத் திறக்கும்போது மறுபடியும் அதிலிருந்தே தொடங்குகிறார்கள். இப்படியே, கைவிடுதல் என்ற சொல்லை மட்டும் யாரும் மறப்பதில்லை என்றாகிவிட்டது. பதிப்பாளர்கள் இதைக் கவனித்து அகரவரிசையைக் கலைத்துப்போட்ட பதிப்புகளையும் கொண்டுவந்துவிட்டார்கள்; வரிசை கலைத்தது என்று அட்டையிலேயே போட்டு விற்கிறார்கள். பட்டியல்களின் பின்னால் நிற்பது தேர்வு. 2001-ல் சீனக் கல்வி அமைச்சகம், தொடக்கப்பள்ளி மூன்றாம் வகுப்பிலிருந்தே ஆங்கிலம் கற்பிக்கலாம் என்று வழிவகுத்தது. பள்ளி முடிவில் வரும் 'காவ்காவ்' என்ற பல்கலைக்கழக நுழைவுத் தேர்வில் பெரும்பாலான மாகாணங்களில் மொத்தம் 750-க்கு 150 மதிப்பெண் அந்நிய மொழிக்கு. அதற்கு 3,000-க்கு மேல் சொற்கள் தெரிந்திருக்க வேண்டும். கல்லூரிக்குப் போனால் 1987-ல் தொடங்கிய ஆங்கில நான்காம் நிலைத் தேர்வு, அதன் பின் ஆறாம் நிலை. வெளிநாட்டுப் படிப்பென்றால் இன்னும் தடித்த பட்டியல். 1993-ல் பெய்ஜிங்கில் நியூ ஓரியண்டல் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கிய யூ மின்ஹோங், அமெரிக்க மேற்படிப்புக்கான ஜிஆர்இ தேர்வுக்கென்று தொகுத்த சொற்புத்தகத்தை அதன் சிவப்பு அட்டையை வைத்தே ஒரு தலைமுறை அடையாளம் சொல்லும். அமெரிக்கர்களே அன்றாடம் பேசாத சொற்கள் அதில் நிறைய. அவற்றை எல்லாம் நெட்டுருப் போட்டு எழுதிக்காட்டித்தான் பலர் கடல் தாண்டினார்கள்.

குளிர்காலக் காலையில் ஒரு சீனப் பல்கலைக்கழக வளாகத்துக்குள் போனால் ஏரிக்கரையிலும் மாடிப்படியிலும் கட்டடங்களின் பின்புறத்திலும் தனித்தனியாக நின்று உரக்க வாசிப்பவர்களைப் பார்க்கலாம். தடித்த பஞ்சுச் சட்டை, கையுறை போட்ட கையில் மடக்கிய புத்தகம், வாயிலிருந்து புகைபோல் வரும் மூச்சு. பலர் சுவரைப் பார்த்தபடி நிற்பார்கள். அப்போதுதான் தன் குரல் தனக்குத் திரும்பிக் கேட்கும், பக்கத்தில் நிற்பவரின் குரல் குழப்பாது. பழைய சீனத் திண்ணைப் பள்ளியில் பாடம் ஒப்பிக்கும் பையன் புத்தகத்தை வாத்தியாரிடம் கொடுத்துவிட்டு அவருக்கு முதுகைக் காட்டி நின்றுதான் ஒப்பிக்க வேண்டும். செவ்வியல் நூல்களை அப்படித்தான் தலைமுறை தலைமுறையாக மனத்தில் ஏற்றினார்கள். அந்த முறையை நான் குறைத்துப் பேச மாட்டேன். பாட்டும் சூத்திரமும் மனப்பாடமாகவே பிழைத்துவந்த ஒரு மொழியில் எழுதுகிறவனுக்கு அந்த உரிமை கிடையாது. ஆனால் செவ்வியல் நூலில் ஒருவர் இன்னொருவரிடம் பேசுகிறார். ஆசான் சீடனிடம், அமைச்சன் அரசனிடம். முதுகைக் காட்டி நின்றாலும் பையனின் வாயில் இருந்தது ஓர் உரையாடல். சொற்பட்டியலில் அந்த உரையாடல் இல்லை.

பட்டியலோடு சேர்ந்து ஒரு கால அட்டவணையும் வரும். இன்று படித்ததை நாளை பார், பிறகு நான்காம் நாள், ஏழாம் நாள், பதினைந்தாம் நாள் என்று கட்டம் போட்டிருப்பார்கள். கைபேசிச் செயலிகளில் அந்தக் கணக்கைச் செயலியே பார்த்துக்கொள்கிறது. இதற்கெல்லாம் மூலவராக அவர்கள் சொல்வது ஹெர்மன் எபிங்ஹவுஸ் என்ற ஜெர்மானியரை. மறதியின் வளைகோட்டை வரைந்தவர். 1885-ல் வெளிவந்த அவருடைய ஆய்வில் மனப்பாடம் செய்தவர் அவர் ஒருவரே. மனப்பாடம் செய்ததும் சொற்களை அல்ல, எந்தப் பொருளும் இல்லாத அசைகளை. பொருள் இருந்தால் மனம் தானாகப் பற்றிக்கொள்ளும், அளவு கெட்டுவிடும் என்பதால் வேண்டுமென்றே வெற்று அசைகளை உருவாக்கித் தனியாக உட்கார்ந்து ஒப்பித்தார். அவருடைய நோக்கத்துக்கு அது சரி. மறதியின் வேகம் அதனால் பிடிபட்டது. ஆனால் பொருள் கூடாது, பேசுபவர் கூடாது என்று கவனமாக வடிகட்டிய ஒரு சோதனையின் கணக்கு, மனிதர்கள் பேசிப் பழகிய சொற்களைக் கற்கும் வழிக்கு அடித்தளமானது எப்படி என்று யோசித்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. செயலியில் ஒரு சொல் நான்காம் நாள் திரும்பி வருகிறது. நான்காம் நாள் என்பதுதான் காரணம்; யாரும் அதை அன்று சொல்ல வேண்டியிருந்ததால் அல்ல.

தொடக்கம் இப்படி இல்லை. 18, 19-ஆம் நூற்றாண்டுகளில் காண்டன் துறைமுகத்தில் தேயிலையும் பட்டும் வாங்க வந்த ஆங்கிலேயர்களோடு பேசச் சீன வணிகர்களுக்கும் கடைக்காரர்களுக்கும் கையடக்கமான சிறு நூல்கள் கிடைத்தன. 'செம்முடியர் பேச்சு' என்பது போன்ற தலைப்பு அவற்றுக்கு. உள்ளே ஓர் ஆங்கில எழுத்துக்கூட இருக்காது. மேலே சீனச் சொல், கீழே அதற்கான ஆங்கிலச் சொல்லின் ஓசை சீன எழுத்துகளில், காண்டன் உச்சரிப்பில் வாசித்துக்கொள்ளும்படி. எண்கள், பண்டங்கள், ஆட்கள், விலை கேட்பது. இலக்கணம் கிடையாது, அந்தத் துறைமுகத்தின் கலப்பு ஆங்கிலத்துக்கு அது போதும். கற்றவர்கள் இந்த நூல்களைக் கேவலமாகப் பார்த்தார்கள். எனக்கு இவற்றின் மீது பெரிய மரியாதை. ஒவ்வொரு சொல்லுக்கும் எதிரில் ஓர் ஆள் நின்றான். விலை தப்பாகச் சொன்னால் நஷ்டம் அன்று மாலையே கணக்கில் தெரியும். 1862-ல் தாங் திங்ஷூ காண்டனில் ஆறு தொகுதிகளாகக் கொண்டுவந்த ஆங்கிலக் கையேட்டிலும் இதே உயிர் இருந்தது. ஹாங்காங்கின் மிஷன் பள்ளியில் ஆங்கிலம் படித்தவர் அவர். பிறகு ஜார்டைன் மேத்திசன் கம்பெனியின் முகவராகப் பெரும் புள்ளியானவர். சொற்களைப் பொருள்வாரியாக அடுக்கிக்கொண்டே போய்க் கடைசித் தொகுதியில் உரையாடல்களைக் கொடுத்தார். தேயிலை விற்பவரும் வாங்குபவரும் பேசுவது, முகவரும் துரையும் பேசுவது. யார் யாரிடம் என்ன தேவைக்குப் பேசுகிறார்கள் என்பது தலைப்பிலேயே இருந்தது.

ஓசையைச் சீன எழுத்தில் எழுதிக்கொள்ளும் அந்தப் பழக்கம் இன்னும் சாகவில்லை. உச்சரிப்பைக் கெடுக்கிறது என்று ஆசிரியர்கள் கண்டிக்கிறார்கள். அவர்கள் சொல்வதும் சரிதான். பிள்ளைகள் பாடநூலின் ஓரத்தில் எழுதிக்கொண்டேதான் இருக்கிறார்கள். அதிலிருந்து வளர்ந்ததுதான் ஓசையொப்பு நினைவுக்குறி. ஆம்புலன்ஸ் என்ற சொல்லுக்கு அவர்கள் சொல்லிக்கொள்வது 'ஆன் பூ நெங் ஸ': வடக்கத்திப் பேச்சு வழக்கில் 'நான் சாகக் கூடாது'. பூச்சியைக் குறிக்கும் 'பெஸ்ட்' என்ற சொல்லுக்கு 'பாய் ஸ தா': 'அடித்துக் கொல் அதை'. இவை எல்லா மாணவருக்கும் தெரிந்தவை. விளையாட்டு என்று ஒதுக்கிவிடுவார்கள். நான் இவற்றை அப்படிப் பார்க்கவில்லை. ஆம்புலன்ஸ் என்பதற்கு அகராதி தருவது, நோயாளிகளை ஏற்றிச்செல்லும் வண்டி என்ற விளக்கம். மாணவரின் மனம் தானாக உண்டாக்கிக்கொண்டதோ, அந்த வண்டிக்குள் படுத்திருக்கும் ஒருவரை, அவர் வாய் திறந்து சொல்லும் ஒரு வாக்கியத்தை. 'பெஸ்ட்' என்பதில் ஒரு கை ஓங்குகிறது, யாரோ யாருக்கோ கட்டளையிடுகிறார்கள். பேசுபவர் இல்லாத சொல்லை மனம் பிடித்து வைத்துக்கொள்வதில்லை, அதனால் ஒருவரைத் தானே படைத்துக்கொள்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. ஓசை சரியாக இல்லாமல் போகலாம். ஏக்கம் சரியான இடத்தில்தான் இருக்கிறது.

எடுத்துக்காட்டு வாக்கியம் வேறொரு வழியாகவும் சீனாவுக்குள் வந்தது. அந்த வழி நம் பக்கமாக வருகிறது. 1897-ல் ஷாங்காயில் அச்சுக்கோப்பவர்கள் சிலர் சேர்ந்து தொடங்கிய கமர்ஷியல் பிரஸ், மறு ஆண்டே ஓர் ஆங்கிலத் தொடக்கப் பாடநூலை வெளியிட்டது. இந்தியப் பள்ளிகளுக்காக ஆங்கிலேயர் தயாரித்த வாசக நூல் அது. ஷியே ஹோங்லாய் என்பவர் சீனத்தில் பொருளும் குறிப்பும் சேர்த்துக் கொடுத்தார். அந்தப் பதிப்பகம் நிமிர்ந்து நிற்க முதல் கைகொடுத்த புத்தகங்களில் ஒன்று. இந்தியப் பிள்ளைகள் திண்ணையில் உட்கார்ந்து ஒப்பித்த அதே வாக்கியங்களை ஷாங்காய்ப் பிள்ளைகள் ஒப்பித்திருக்கிறார்கள். இரு நாட்டுப் பிள்ளைகளும் ஒருவரை ஒருவர் அறியாமல், தங்கள் தெருவில் எவரும் பேசாத வாக்கியங்களை ஒரே நேரத்தில் ஒரே குரலில் சொல்லியிருக்கிறார்கள். அந்த வாக்கியங்களில் பேசியது ஆட்சி. அதுவும் ஒழுக்கம் போதிக்கும் குரலில். பிறகு ஆட்சிகள் மாறின. கலாச்சாரப் புரட்சிக் காலத்துச் சீனப் பாடநூலில் முதல் பாடத்தின் முதல் வாக்கியமே தலைவர் மாவோ நீடூழி வாழ்க என்பதுதான். ஒரு மொழியில் முதன்முதலாக வாய் திறக்கும் பிள்ளை அந்த மொழி பேசும் ஒருவரையும் நோக்கிப் பேசவில்லை. பிள்ளையின் வாயை வாங்கி அரசு தன்னிடமே பேசிக்கொண்டது.

அந்தக் காலத்திலேயே இதை உள்ளிருந்து எதிர்த்தவர் ஒருவர் உண்டு என்பது எனக்கு ஆறுதல். ஷாங்காய் ஃபூதான் பல்கலைக்கழகத்தின் லூ கூசுன். ஷேக்ஸ்பியரில் ஊறியவர். 1975-ல் வெளிவந்த புதிய ஆங்கில-சீன அகராதிக் குழுவில் வேலை செய்தார். கோஷங்கள் நிரம்பிய சூழலில் புழக்கத்திலிருக்கும் ஆங்கிலத்தை எவ்வளவு உள்ளே கொண்டுவர முடியுமோ அவ்வளவு கொண்டுவரப் பார்த்தவர்களில் அவர் முதன்மையானவர். அதன் பிறகு தொடங்கிய ஆங்கில-சீனப் பேரகராதிக்கு 1986-ல் தலைமைப் பதிப்பாசிரியர் ஆனார். வேலை முடியும்வரை வெளிநாடு போக மாட்டேன், வெளியே வகுப்பு எடுக்க மாட்டேன், வேறு புத்தகம் எழுத மாட்டேன் என்று மூன்று உறுதி எடுத்துக்கொண்டார். இரண்டு தொகுதிகள் 1989-லும் 1991-லும் வந்தன. சுமார் 2,00,000 தலைச்சொற்கள். மற்ற அகராதிகளைப் பார்த்து எழுதாமல், குழுவினர் ஆங்கிலப் புத்தகங்களையும் இதழ்களையும் தாங்களே வாசித்து, கண்ணில் பட்ட சொல்லை அதன் வாக்கியத்தோடு அட்டையில் எழுதிச் சேர்த்தார்கள் என்பதுதான் எனக்கு முக்கியம். அட்டையில் ஏறிய வாக்கியத்தை எங்கோ ஒருவர் ஏதோ தேவைக்கு எழுதியிருக்கிறார், யாரோ வாசிப்பார் என்று நம்பி. அந்த நம்பிக்கை வாக்கியத்தோடு சேர்ந்து வந்துவிடும். உட்கார்ந்து புனைந்த வாக்கியத்தில் அதைச் சேர்க்க முடியாது. லூ 2016-ல் இறந்தார். அவருடைய அகராதியைத் தூக்க இரண்டு கை வேண்டும். தேர்வுக்குப் படிக்கிற பிள்ளை அதைத் தூக்கிக்கொண்டு திரியாது. சட்டைப்பையில் இருப்பது சொற்புத்தகம்தான்.

இரண்டெழுத்துப் பொருளை நான் எதிர்க்கவில்லை. தாய்மொழிப் பொருளைக் காட்டாமல் ஆங்கிலத்தை ஆங்கிலத்தாலேயே விளக்க வேண்டும் என்ற கட்சி பெரிது. சீனாவிலும் அதற்கு ஆதரவாளர்கள் உண்டு. தெரியாத சொல்லைத் தெரியாத சொற்களால் விளக்கினால் பிள்ளைக்குக் களைப்புத்தான் மிஞ்சும். தாய்மொழிப் பொருள் சட்டென்று கதவைத் திறந்துவிடுகிறது. ஆனால் உள்ளே போனபின் அது துணைக்கு வராது. புத்தகத்தை வாசிப்பது, படத்தைப் பார்ப்பது, நண்பரைப் போய்ப் பார்ப்பது எல்லாவற்றுக்கும் சீனத்தில் ஒரே வினை போதும். விளக்கைப் போடுவதற்கும் கதவைத் திறப்பதற்கும் கார் ஓட்டுவதற்கும்கூட ஒரே வினைதான். ஆங்கிலத்தில் இவை ஒவ்வொன்றுக்கும் வெவ்வேறு வினை. எது எதோடு சேரும் என்பதை எந்த விளக்கமும் சொல்லித்தராது. வாக்கியம் மட்டுமே சொல்லும். அதுவும் பலமுறை, பலர் வாயிலிருந்து. இதைத் தெளிவாக உணர்ந்த ஆல்பர்ட் ஹார்ன்பி ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்தவர். வினைகள் வாக்கியத்துக்குள் எப்படி உட்காரும் என்பதையே மையமாக வைத்து அவரும் நண்பர்களும் செய்த அகராதி 1942-ல் டோக்கியோவில் அச்சானது. சீன மாணவர்களின் மேசையில் இன்று இருக்கும் ஆங்கில-சீன இருமொழி ஆக்ஸ்ஃபோர்டு அதன் வழி வந்ததுதான். வேற்று மொழிக்காரர்களுக்கு நடுவில் உட்கார்ந்து செய்ததால்தான் எடுத்துக்காட்டின் அருமை அவருக்குத் தெரிந்தது.

பேசுபவர் இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கும் சீனாவிலேயே சான்று உண்டு. 1990-களில் மக்கள் கல்விப் பதிப்பகம் லாங்மன் நிறுவனத்தோடு சேர்ந்து கொண்டுவந்த நடுநிலைப்பள்ளிப் பாடநூலில் லீ லெய் என்ற பையனும் ஹான் மெய்மெய் என்ற பெண்ணும் வருவார்கள். கூடவே ஜிம் கிரீன், இரட்டையர்களான லூசி, லிலி, பேசும் கிளி பாலி. அவர்கள் பேசிய வாக்கியங்கள் ஒன்றும் பிரமாதமானவை அல்ல. எப்படி இருக்கிறாய், நன்றாக இருக்கிறேன், நன்றி, நீ எப்படி என்ற அளவில்தான். ஆனால் அந்தப் புத்தகத்தில் படித்து வளர்ந்தவர்கள் நடுவயதிலும் அவர்களை மறக்கவில்லை. லீ லெய்யும் ஹான் மெய்மெய்யும் காதலித்தார்களா, பிற்பாடு யார் யாரைக் கல்யாணம் செய்துகொண்டார்கள் என்று பேசினார்கள், பாட்டுக் கட்டினார்கள், 2017-ல் படம்கூட எடுத்தார்கள். அதே பிள்ளைகள் மனப்பாடம் செய்த ஆயிரக்கணக்கான சொற்களில் எத்தனை மறந்திருக்கும்! சொன்னவர்களின் பெயரோடு வந்த வெற்று உபசார வார்த்தைகள் மட்டும் தங்கிவிட்டன. இதற்கு நேர் எதிர்முனை நுழைவுத் தேர்வின் காதால் கேட்டு விடையளிக்கும் பகுதி. அந்த நேரத்தில் தேர்வு மையங்களைச் சுற்றிக் கட்டட வேலையை நிறுத்துவார்கள், ஹாரன் அடிக்கக் கூடாது, சில நகரங்களில் விமானங்களுக்குக்கூடக் கட்டுப்பாடு. ஒரு நகரமே பிள்ளைகளுக்காக வாயை மூடிக்கொள்வது பெரிய அன்புதான். அந்த அமைதியில் ஒலிபெருக்கியில் ஓர் ஆணும் பெண்ணும் ஆங்கிலத்தில் பேசுகிறார்கள். கேட்பவர் எவரும் பதில் சொல்லக் கூடாது, கட்டத்தைக் கறுப்பாக்கலாம்.

2021 ஜூலையில் பள்ளிப் பாடங்களுக்கான தனிப்பயிற்சியை அரசு கடுமையாகக் கட்டுப்படுத்தியபோது நியூ ஓரியண்டலின் வகுப்பறைகள் பெருமளவில் மூடின. வேலையிழக்க இருந்த ஆசிரியர்களில் சிலர் அதே நிறுவனத்தின் இணைய நேரலையில் அரிசியும் பழமும் இறைச்சியும் விற்க உட்கார்ந்தார்கள். அவர்களில் ஷான்ஷி மாகாணத்துக் கிராமத்துப் பிள்ளையான தோங் யூஹுய், 2022 ஜூனில் மாட்டிறைச்சித் துண்டுகளை விற்றுக்கொண்டே சிறு வெள்ளைப் பலகையில் ஆங்கிலச் சொற்களை எழுதிக் காட்டினார். இறைச்சி எந்த அளவு வெந்தது என்பதற்கு என்ன சொல்வார்கள், மசாலா ஏறாத அசல் வெட்டுக்கு என்ன பெயர் என்று. சில நாட்களுக்குள் நாடே அவரைப் பார்த்தது. வணிக வெற்றி என்று பலரும் எழுதினார்கள். நான் பார்த்தது வேறு. எத்தனையோ ஆண்டுகள் தேர்வுக்காகவே சொற்களை ஏற்றியும் இறக்கியும் வந்த ஒருவருக்கு, கையில் இறைச்சியும் எதிரில் அதைச் சமைக்கப்போகும் ஆளும் வாய்த்தபோது சொற்கள் தாமாக இடம் பிடித்துக்கொண்டன. காண்டன் கடைக்காரனின் கையேட்டுக்கும் அந்த வெள்ளைப் பலகைக்கும் நடுவில் இருப்பது 150 ஆண்டுகளுக்கு மேற்பட்ட பாடத்திட்டம்.

இருந்தாலும் என் வாதத்தில் எனக்கே முழு நிம்மதி இல்லை. கேட்பவர் இல்லாமல் கற்ற சொல்லெல்லாம் வீண் என்று முடிவுகட்டினால் அது பெரிய அநியாயமாகிவிடும். கலாச்சாரப் புரட்சிக் காலத்தில் வானொலியைத் தணித்து வைத்து அந்நிய ஒலிபரப்பைக் கேட்டு ஆங்கிலம் படித்த இளைஞர்கள் உண்டு. அமெரிக்காவின் குரல் 1959-ல் தொடங்கிய எளிய ஆங்கில ஒலிபரப்பு சுமார் 1,500 சொற்களுக்குள், மெதுவாக, பேசியது. கேட்டவர்கள் ஒருவரிடமும் அந்தச் சொற்களைத் திருப்பிச் சொல்ல முடியாது, சொன்னால் ஆபத்து. ஆனால் யாரோ ஒருவர் தன்னிடம் பேசிக்கொண்டிருக்கிறார் என்ற உணர்வு அந்த அறையில் இருந்தது. கற்பவர் பேசியே ஆக வேண்டும் என்பதில்லை. அவரே கேட்பவராக இருக்கலாம், வாசிப்பவராக இருக்கலாம். அவரை நோக்கி ஒரு குரல் வர வேண்டும், அவ்வளவுதான் என்று என் கேள்வியைத் திருத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது. அப்படித் திருத்தினால் சொற்புத்தகத்திடம் கேட்பதும் சிறிதாகிறது. அட்டவணை இருக்கட்டும், சீனப் பொருள் இருக்கட்டும், மூழ்கும் கப்பலும் இருக்கட்டும். வாக்கியத்தின் கடைசியில் அதை எழுதியவர் யார், எந்தக் கதையில், எந்தச் செய்தியில், எந்தக் கடிதத்தில் என்று பொடி எழுத்தில் போட்டால் போதும். பக்கத்தில் இடம் போதாது என்று பதிப்பாளர் சொல்லக்கூடும். உச்சரிப்புக்கு இரண்டு சாய்கோடு, வினைவகைக்கு இரண்டெழுத்து என்று ஒதுக்கிய பக்கத்தில் ஒரு பெயருக்கும் இடம் ஒதுக்கலாம்.